பிரஷர்ஸ் பார்ட்டிக்கு தீம் முடிவு பண்றதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சிருங்க

காலேஜ்ல பார்ட்டி நடத்துற பொறுப்பு இந்த வருஷம் யார் தலைல விழுந்திருக்கோ அவங்களுக்காக எழுதுறேன், முக்கியமா தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் படிக்கிறவங்களுக்கு. டீஜே யாரு, சாப்பாடு எங்க சொல்றது, சவுண்ட் சர்வீஸ் எவ்ளோ கேப்பாங்கன்னு சொல்றதுக்கு சீனியர்ஸ் நிறைய பேர் இருக்காங்க, ஆனா தீம் எப்படி எடுக்கணும்னு எனக்கு ஒருத்தர் கூட சொல்லல. போன வருஷம் எங்க பிரஷர்ஸ் பார்ட்டி தீமால நான் பட்ட பாடு, ஹாஸ்டல் மாடிப்படில உக்காந்து அழுதது, கைக்காசு போனது, ஒரு இன்டர்னல் டெஸ்ட்ட எழுதாம விட்டது எல்லாமே தனியாத்தான். யாராவது ஒரு அக்கா முன்னாடியே இப்படி எழுதி வெச்சிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்னு அப்ப தோணிட்டே இருந்துச்சு. காலேஜ் பேர் சொல்ல மாட்டேன், அங்க இன்னும் என் ஜூனியர்ஸ் படிக்கிறாங்க.

நான் அரூர் பக்கம். டிபார்ட்மென்ட் ரெப்புங்கிறதால பர்மிஷன் லெட்டர்ல என் பேர், என் கையெழுத்து, என் போன் நம்பர். கமிட்டின்னு ஒரு வாட்ஸ்அப் குரூப், பசங்க பொண்ணுங்க கலந்து இருந்தாங்க. ஒருத்தன் இன்ஸ்டால ஒரு ரீல் பாத்துட்டு வந்து போட்டான், எங்கயோ ஒரு காலேஜ்ல இலைப் பாவாடை கட்டி மூஞ்சில கரி பூசி நெருப்ப சுத்தி ஆடுற ரீல். அன்னைக்கு ராத்திரியே குரூப்ல போல் (ஓட்டெடுப்பு) வெச்சாங்க, ரெட்ரோ, பிளாக் அண்ட் ஒயிட், ட்ரைபல்னு. ட்ரைபல்தான் ஜெயிச்சுது. "இது வேணாம்ப்பா, சித்தேரி மலைலேர்ந்து வத்தல்மலைலேர்ந்து எல்லாம் நம்ம காலேஜ்ல பிள்ளைங்க படிக்கிறாங்க, அவங்க பாத்தா என்ன நினைப்பாங்க"ன்னு நான் போட்டேன், அது ரெண்டும் எங்க பக்கம் பழங்குடி சனங்க இருக்கிற மலை. "ஜாலிக்குதான, ஏன் சீரியஸ் ஆக்குற"ன்னு ஒரு பதில், கீழ ரெண்டு சிரிப்பு எமோஜி, அதோட பேச்சு டான்ஸ் பிராக்டிஸ்க்கு போயிருச்சு.

இங்கயே ஒரு விஷயம் சொல்லிடறேன். வாட்ஸ்அப் போல்ல யார் எதுக்கு ஓட்டு போட்டாங்கன்னு பேரோட தெரியும். அந்தக் குரூப்ல மலை ஊர் பையன் ஒருத்தன் இருந்தான், அவன் எதுக்குமே ஓட்டு போடல. அவன் எப்படி போடுவான் சொல்லுங்க, போட்டா "ஓ நீ அந்த ஊரா"ன்னு எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. அதனால மெஜாரிட்டி வந்திருச்சு எல்லாருக்கும் ஓகேன்னு எடுத்துக்காதீங்க. பிடிச்சவங்க எத்தனை பேருன்னுதான் போல் சொல்லும், யாருக்கு வலிக்கும்னு சொல்லாது. நூறு பேருக்கு ஜாலியா இருந்து மூணு பேர் ஹாஸ்டல்லயே கதவ சாத்திட்டு உக்காந்திருந்தா அது பிரஷர்ஸ் பார்ட்டியே இல்ல, ஏன்னா புதுசா வந்தவங்களுக்கு நீயும் எங்கள்ல ஒருத்தின்னு சொல்றதுக்குத்தான் அதையே வைக்கிறோம்.

நான் ஏன் இதுக்கு இவ்ளோ பதறுனேன்னா, எங்க தாலுகாலதான் வாச்சாத்தி இருக்கு, சித்தேரி மலையடிவாரத்துல. 1992 ஜூன் 20ஆம் தேதி சந்தனக்கட்டை தேடுறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை எல்லாம் சேந்து அந்த மலைவாழ் மக்கள் ஊருக்குள்ள நுழைஞ்சு வீட்டை எல்லாம் அடிச்சு நொறுக்கி, ஆடு மாடு தானியம்னு விடாம நாசம் பண்ணி, 18 பொண்ணுங்கள பாலியல் வன்கொடுமை பண்ணாங்க. கேஸ் நடந்து தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29, வந்த இடம் இதே தர்மபுரி கோர்ட்டு. குற்றம் சாட்டப்பட்ட 269 பேருமே குற்றவாளின்னாங்க, அதுல 54 பேர் தீர்ப்புக்கு முன்னாடியே செத்துப் போயிட்டாங்க. 2023ல ஐகோர்ட்டும் அத உறுதி பண்ணி, பாதிக்கப்பட்ட பொண்ணுங்களுக்கு ஆளுக்கு 10 லட்சம் குடுக்கச் சொல்லுச்சு. நாங்க சின்ன வயசுலேர்ந்து இதக் கேட்டு வளந்தவங்க. அந்தக் கோர்ட்டு இருக்கிற ஊர்ல, அந்த மலைலேர்ந்து முத முறையா காலேஜுக்கு வந்த பிள்ளைங்க முன்னாடி, கரி பூசிட்டு ஊ ஊன்னு கத்தி ஆடுறத நினைச்சாலே எனக்கு வயித்தக் கலக்குச்சு.

நான் சொன்னத யாரும் கண்டுக்கல. ரெண்டு பசங்க போயி டிரஸ் வாடகைக்கு விடுற கடைல அட்வான்ஸ் குடுத்துட்டாங்க. அப்பறம் நான் போயி அந்த செட்ட பாத்தேன். பச்சை ரெக்சின்ல வெட்டின இலைப் பாவாடை, பிளாஸ்டிக் எலும்பு மாலை, இறகு ஒட்டின தலைப்பட்டை, ஒரு டப்பா கறுப்பு பெயிண்ட். இறகு தலைப்பட்டை அமெரிக்காவுல இருக்கிற பழங்குடிக்காரங்களோடது, எலும்பு மாலை ஏதோ கார்ட்டூன்ல வர்றது, நம்ம மலைல சாமையும் ராகியும் விதைக்கிற சனங்களுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கடைக்கார அண்ணன் "ஸ்கூல் ஆண்டு விழாவுக்கெல்லாம் இதாம்மா போவுது, யாரும் ஒண்ணும் சொன்னதில்ல"ன்னார். அந்த மலை சனங்க கிட்ட இதுவரைக்கும் யாரும் போயி கேக்கலங்கிறதுதான் விஷயம்.

போஸ்டர் எல்லார் ஸ்டேட்டஸ்லயும் ஏறின அன்னைக்கு சாயங்காலம் சித்தேரி ஊர்ப் பொண்ணு ஒருத்தி, பர்ஸ்ட் இயர், மெசேஜ் போட்டா. "அக்கா நான் பார்ட்டிக்கு வரல, குடுத்த காசு திருப்பி வேணாம்." அவ்ளோதான். வெல்கம் டான்ஸ்ல முன்வரிசைல ஆடுறதா இருந்தவ. ஹாஸ்டல் ரூமுக்கு போயி கேட்டேன், முதல்ல உடம்பு சரியில்லன்னா, அப்பறம் போன எடுத்து அந்தப் போஸ்டர காட்டி, "எங்க ஊருக்கு வந்து பாருங்கக்கா, எங்கப்பா பேன்ட் சட்டை போட்டுட்டுதான் ரேஷன் கடைக்குப் போறார். இதுல இருக்கிறது யாருக்கா?"ன்னு கேட்டா. கோவமா கூட கேக்கல. என்னால பதில் சொல்ல முடியல, அவ பக்கத்துல உக்காந்துட்டு வந்தேன்.

மறுநாள் ஆபீஸ்லேர்ந்து கூப்பிட்டாங்க, லெட்டர்ல பேர் இருக்கிறது நான்தானே. அந்தப் பொண்ணோட ஊர்க்கார அண்ணன் ஒருத்தர் போன் பண்ணி கேட்டிருக்கார், கேக்க வேண்டியதுதான். மேடம் ஒரு பேப்பர எடுத்து முன்னாடி வெச்சாங்க. யுஜிசி ராகிங் விதிமுறை 2009ல வந்தது நமக்கு தெரியும், அட்மிஷன் அப்ப கையெழுத்து போட்டுக் குடுக்கிறோம்ல அதுதான். ஆனா 2016ல அதுல ஒண்ணு சேத்திருக்காங்க: சாதி, மதம், நிறம், இனம், பிறந்த ஊரு, பேசுற மொழி, பொருளாதார நிலை, தோற்றம் இத வெச்சு ஒரு மாணவர உடம்பாலயோ மனசாலயோ துன்புறுத்துறது, ஒதுக்குறது எல்லாமே ராகிங் கணக்குல வரும். தமிழ்நாட்டுல தனியா 1997 சட்டமும் இருக்கு, ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், பத்தாயிரம் வரைக்கும் அபராதம். பழங்குடி மக்கள பொது இடத்துல வேணும்னே இழிவுபடுத்தினா வன்கொடுமை தடுப்பு சட்டமும் உண்டு. பிரஷர்ஸ் பார்ட்டில சீனியர் சொல்லி ஜூனியர் வேஷம் போடறதுங்கறப்பவே அது எவ்ளோ மெல்லிசான கோடுன்னு எனக்கு அங்கதான் புரிஞ்சுது. கை நடுங்குச்சு. டிசி கிழிச்சிருவாங்களோ, அப்பா கிட்ட என்ன சொல்றதுன்னு ஒரே பயம். குரூப்ல "எல்லாரும் ஆபீஸுக்கு வாங்க"ன்னு போட்டேன், எல்லாருக்கும் புளூ டிக் விழுந்துச்சு, ஒருத்தரும் வரல. போல் போட்டவனோட போன் ஸ்விட்ச் ஆப். அந்தக் கோவம் எனக்கு இன்னும் ஆறல, மறைக்க விரும்பல.

மேடம் நல்லவங்க, பார்ட்டிய கேன்சல் பண்ணாம தீம மாத்தச் சொன்னாங்க, ஆனா தேதி தள்ள முடியாது. காசுக்கணக்கு இப்படி ஆச்சு: டிரஸ் கடைல குடுத்த ஆறாயிரத்துல பாதிதான் திரும்ப வந்துச்சு, அதுக்கே ரொம்ப கெஞ்சணும். பிளக்ஸ் அடிச்சாச்சு, ஆயிரத்து எண்ணூறு போச்சு. கமிட்டிக்கு டீஷர்ட்ல அந்தப் படத்தப் போட்டு பிரின்ட் பண்ணிட்டாங்க, அதுல நாலாயிரம் கிட்ட. கலெக்ஷன் பணத்துல இது பெரிய ஓட்டை, மிச்சத்த வெச்சு சாப்பாடு போட முடியாது. எங்கம்மா மகளிர் குழுல வாங்கி வெச்சிருந்த பணத்துலேர்ந்து நாலாயிரம் எடுத்துக் குடுத்தாங்க. கமிட்டில ரெண்டு பேர் மட்டும் அப்பறமா அவங்க பங்கக் குடுத்தாங்க. அதனால தீம் பைனல் ஆகி எல்லார்கிட்டயும் கேட்டு முடியுற வரைக்கும் டிரஸ்ஸு, பிளக்ஸு, டீஷர்ட்டு மூணுக்கும் அட்வான்ஸ் குடுக்காதீங்க, ஹாலும் சவுண்டும் மட்டும் புக் பண்ணிக்கங்க, அதுக்கு தீம் எதுவா இருந்தாலும் ஒண்ணுதான். அட்வான்ஸ் குடுக்கறப்ப கேன்சல் ஆனா எவ்ளோ திரும்ப வரும்னு பில்லு பின்னாடியே எழுதி வாங்கிக்கங்க.

சரி புது தீம் என்னன்னு கேட்டா வந்த ஐடியா எல்லாம் அதவிட மோசம். ஒருத்தன் வீரப்பன் தீம்ங்கிறான், மீசை ஒட்டினா போதும் செலவே இல்லயாம். 2004 அக்டோபர்ல அந்த ஆள் சுட்டுக் கொல்லப்பட்டது நம்ம பாப்பாரப்பட்டி பக்கம். அந்த ஆளால உயிர் போன வீடும் இந்தப் பக்கம் இருக்கு, அந்த ஆளத் தேடுறோம்னு அதிரடிப்படை இழுத்துட்டுப் போயி அடிச்ச சனங்களும் இருக்காங்க, அவங்க பேரப்பிள்ளைங்க நம்ம கிளாஸ்ல இல்லன்னு எப்படி சொல்ல முடியும். இன்னொருத்தி அரசியல்வாதி தீம் சொன்னா, வெள்ளை வேட்டி, துண்டு, மைக்கு, மிமிக்ரின்னு. வேற ஊர்ல நடக்கலாம், எனக்கு தெரியாது. 2000 பிப்ரவரில அரசியல் கோவத்துல இலக்கியம்பட்டில பஸ்ஸ கொளுத்தி மூணு காலேஜ் பொண்ணுங்க கருகிப் போன ஊர் இது. கட்சித் துண்ட வெச்சு எங்களால சிரிக்க முடியாது. கலர் தீம்தான் சேஃப்னு நினைப்போம், அதுலயும் நம்ம மாவட்டத்துல பாத்துதான் எடுக்கணும், சில கலர் ரெண்டு மூணு சேந்து வந்தா கட்சிக் கொடி ஆயிரும், சாதி அடையாளம் ஆயிரும், 2012ல சாதிக் கலவரத்துல தலித் மக்களோட நத்தம் காலனி எரிஞ்சதுக்கு அப்பறம் அந்த மாதிரி கலர் எல்லாம் இங்க வெறும் கலரா இல்ல. பசங்க பொண்ணு வேஷம் போட்டு வர்றதும் ஒருத்தர் சொன்னார். தெருக்கூத்துல ஆம்பளைங்க திரௌபதி கட்டி ஆடுறத நாம கும்பிட்டு பாக்கறோம், அது வேற. இவங்க கேட்டது புடவைய சுத்திகிட்டு கையத் தட்டி திருநங்கைங்கள கேலி பண்ற ஆட்டம், அத ஒரே வார்த்தைல வேணாம்னுட்டேன்.

இத்தனையும் தள்ளின பிறகுதான் எனக்கு ஒண்ணு தெளிவாச்சு. பிரச்சனை வந்த தீம் எல்லாமே "நீ இன்னொரு ஆளா மாறி வா"ன்னு சொல்ற தீம். ஒரு சனத்த, ஒரு ஊர்க்காரங்கள, ஒரு தொழில் செய்யறவங்கள வேஷமா போட்டா அந்த ஆளு அந்த ஹால்லயே எங்கயாவது உக்காந்திருப்பார். அதனால ஆள தீமா வைக்காதீங்க. பொருள வைங்க, இடத்த வைங்க, காலத்த வைங்க, சாப்பாட்ட வைங்க. எந்த டிரஸ் ஐடியா வந்தாலும் நான் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன்: இந்த வேஷத்துல நீ நிக்கறப்ப நிஜமா அப்படி இருக்கிற ஒருத்தர் வந்து பக்கத்துல நின்னா அவர் கண்ணப் பாத்து உன்னால பேச முடியுமா? முடியாதுன்னா அது வேணாம். இதுக்கு சட்டமெல்லாம் கூட தெரிய வேண்டியதில்ல.

கடைசில சந்தை தீம் வெச்சோம், நம்ம ரெண்டு மாவட்டத்து சந்தை. ஒவ்வொரு டிபார்ட்மென்டும் ஒரு கடை. பாலக்கோடு தக்காளி கடைல கூடைய கைல தூக்கி எத்தனை கிலோன்னு சொல்ற போட்டி, கிட்ட சொன்னவங்களுக்கு ஒரு கிலோ தக்காளி. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஜூஸ், பென்னாகரம் புளி, ஓசூர் ரோஜா, நம்ம ராகி உருண்டை, ஒகேனக்கல் பரிசல் மாதிரி அட்டைல செஞ்ச ஒரு போட்டோ ஸ்பாட். பாலக்கோட்டுக்காரப் பையன் ஒருத்தன், வீட்ல தக்காளி விவசாயம், மார்க்கெட்ல ஏலம் எப்படி எடுப்பாங்கன்னு மைக்க பிடிச்சு நடத்திக் காட்டினான் பாருங்க, வருஷம் முழுக்க கிளாஸ்ல வாயே தொறக்காதவன், அன்னைக்கு மொத்த ஹாலும் அவன் பேச்சுக்கு கட்டுப்பட்டு நின்னுச்சு. எல்லாத்துக்கும் அட்டை, சணல், பழைய கூடைன்னு செலவு ரொம்ப கம்மி. மிச்சமிருந்த கொஞ்சப் பணத்துல இத செய்ய முடிஞ்சது அதனாலதான்.

நல்ல தீமும் கெட்டுப் போகும், அதையும் பாத்தேன். சந்தைன்னதும் ரெண்டு பேர் கிழிஞ்ச லுங்கி, அழுக்கு பனியன், பல்லுல கறை வரைஞ்சுகிட்டு கூலிக்காரர் மாதிரி வந்து நின்னாங்க, மூட்டை தூக்கிதான் பீஸ் கட்டுற அப்பாங்க எத்தனை பேருக்கு இருக்காங்க நம்ம காலேஜ்ல. தனியா கூப்பிட்டு சொன்னேன், கழுவிட்டு வந்துட்டாங்க, சண்டை எல்லாம் இல்ல. எல்லார் முன்னாடியும் திட்டியிருந்தா நடந்திருக்காது. அப்பறம் ஆங்கரிங் ஸ்கிரிப்ட். ஓசூர் தேன்கனிக்கோட்டை பக்கத்துப் பிள்ளைங்க வீட்ல தெலுங்கு, கன்னடம், உருது பேசுவாங்க, அவங்க தமிழ் கொஞ்சம் வேற மாதிரி வரும், அத மிமிக்ரி பண்ற ஜோக் ஸ்கிரிப்ட்ல நாலு இடத்துல இருந்துச்சு, வெட்டிட்டேன். பட்டம் குடுக்கற செக்மென்ட்ல கறுப்பழகி, குண்டு பூசணி, மலைக்குயின்னு எல்லாம் எழுதி வெச்சிருந்தாங்க. உடம்பு, நிறம், ஊரு மூணையும் எடுத்துட்டு செஞ்ச காரியத்துக்கு பட்டம் குடுங்க, சீக்கிரம் வந்து சேர் போட்டவங்களுக்கு குடுங்க, சந்தோஷமா வாங்கிக்குவாங்க. பாட்டு லிஸ்டையும் டீஜே கிட்ட விடாம வரி வரியா நீங்களே ஒரு தடவை கேட்டுருங்க.

காசு விஷயமும் மனச புண்படுத்தற விஷயம்தான், அத யாரும் தீம் கணக்குல சேக்கறதில்ல. ரெட் கார்பெட், ராயல் நைட்னு வெச்சா கவுனும் கோட்டும் வாடகைக்கே ஐநூறு அறுநூறு ஆவுது. எங்க கிளாஸ்ல பாதிப் பொண்ணுங்களுக்கு கைல வர்ற காசே மாசம் புதுமைப்பெண் ஆயிரம்தான், அதுலதான் பஸ்ஸு, ரெக்கார்ட் நோட்டு எல்லாம். வீட்ல ஏற்கெனவே இருக்கிற துணில வர முடியற தீமான்னு பாருங்க. டைமும் அப்படித்தான், மலை ஊருக்கு போற பிள்ளைங்களுக்கு சாயங்கால பஸ்ஸ விட்டா வேற வழி கிடையாது, ஆறு மணிக்கு மேல பெஸ்ட் புரோகிராம வெச்சா அவங்க வரவே வேணாம்னு சொல்ற மாதிரி. நாங்க மூணரைக்கு எல்லாம் முடிச்சோம்.

அந்த சித்தேரிப் பொண்ணு வந்தாளான்னு கேப்பீங்க. வந்தா, டான்ஸ் ஆடல, ராகி கடைல நின்னா. நான் வற்புறுத்தல. போஸ்டர் பாத்தது பாத்ததுதான், தீம மாத்தினதால அது இல்லன்னு ஆயிடாது.

இந்த வருஷ ரெப்புங்களுக்கு நான் குடுத்தது இவ்ளோதான். தீம் ஐடியா மூணு வந்ததும் கூகுள் பார்ம்ல போடுங்க, பேரு, மெயில் ஐடி எதுவும் கேக்காத மாதிரி செட்டிங்ஸ்ல மாத்திட்டு. பர்ஸ்ட் இயருக்கும் சேத்து அனுப்புங்க, விருந்தாளியே அவங்கதான். எது பிடிக்கும்ங்கிற கேள்வியோட நிறுத்தாம "இதுல எதுல உங்களுக்கு வரப் பிடிக்காது, காரணம் சொல்ல வேணாம், டிக் போட்டா போதும்"னு ரெண்டாவது ஒரு கேள்வி கட்டாயம் வைங்க. ஒரு டிக் விழுந்தாலும் அந்த தீம எடுத்துருங்க, யாரு போட்டாங்கன்னு தேடாதீங்க. டிரஸ்கோட் கட்டாயம் இல்லன்னு போஸ்டர்லயே பெருசா போடுங்க. ராகிங் ஹெல்ப்லைன் 1800-180-5522, அதையும் போஸ்டர் கீழ போடுங்க, ஜூனியர்ஸ்க்கு ஒரு தைரியம். பர்மிஷன் லெட்டர்ல ஒருத்தர் பேர மட்டும் போட்டு குடுக்காதீங்க, தீம் முடிவு பண்ண உக்காந்த எல்லாரும் பேர் எழுதி கையெழுத்து போடட்டும், தீம் என்னன்னும் அந்த லெட்டர்லயே ஒரு வரி இருக்கட்டும். கையெழுத்து போடத் தயங்குறவங்க யாராவது இருந்தா அவங்கள முதல்ல உக்கார வெச்சு ஏன்னு கேளுங்க, அட்வான்ஸ் அதுக்கு அப்பறம் குடுத்துக்கலாம்.